மே மாசம் டெஸ்ட் பண்ணிக் காட்டினா நம்பிடாதீங்க

தடா, சூளூர்பேட்டை பக்கம் பழவேற்காடு ஏரிக்கு மேல கம்பியில்லாம டிஷ் வச்சு நெட் இழுக்க நினைக்கிறவங்க, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. எனக்குப் போனது 1,40,000 ரூபாய்.

ஏரிக்கு நடுவுல தீவுல மச்சானுக்குக் கடை. பணம் எடுத்துக் கொடுக்கிறது, ரீசார்ஜ், எல்லாமே நெட்டை நம்பித்தான். கரையில என் வீட்டுல ஃபைபர் இருக்கு. இடையில 8 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டோம். என் பக்கம் 70 அடி கம்பம், தீவுல 36 அடி, ரெண்டுலயும் 5.8 கிகாஹெர்ட்ஸ் டிஷ். இந்த அலைவரிசைக்கு 2018லிருந்தே லைசென்ஸ் வேணாம்னார். அது ஒண்ணு உண்மை.

அப்ப மே மாசம். ஏரி வத்தி, சேறு வெடிச்சுக் கிடந்துது. சிக்னல் மைனஸ் 57 (பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர சிக்னல் பலம்). "அஞ்சு வருஷத்துக்குத் தொட வேணாம்ணா"ன்னு சொல்லி பேலன்ஸையும் வாங்கிட்டுப் போயிட்டார்.

ஐப்பசி மழையில ஏரிக்கு மூணடித் தண்ணி வந்துது. காலைல 6 மணிக்கு மைனஸ் 84, லிங்க் கட். பத்து மணிக்கு மேல தானா வரும், பொழுது சாய்ஞ்சா திரும்பப் போகும். போன் பண்ணா முதல்ல கரண்ட் சரியில்லைன்னார், அப்புறம் ரௌட்டர்னார். டிசம்பர்ல, "பூநாரை குறுக்க பறக்குதுண்ணா." அதுக்கப்புறம் போனே எடுக்கல. பூநாரைங்க பாவம், எங்கிருந்தோ வந்து இந்தப் பழியையும் சுமக்குதுங்க.

கடைசியில கேபிள் டிவி வேலை பார்த்த உள்ளூர் அண்ணன் ஒருத்தர் வந்து, "தீவு டிஷ்ஷைக் கீழ இறக்கு"ன்னார். மச்சான் சிரிச்சுட்டான். அவர் சொன்ன விஷயம் இதுதான்: அலை நேரா ஒண்ணு வருது, தண்ணியில பட்டு இன்னொண்ணு வருது. பட்டுத் திரும்புறது தலைகீழாகிடும். இந்த அலையோட நீளமே சுமார் 5 சென்டிமீட்டர். பட்டு வர்ற வழி சரியா அந்த அளவு கூடுதலா இருந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். ஏரி வத்தினப்ப தப்பிச்ச கணக்கு, மூணடி ஏறினதும் மாட்டிக்கிச்சு. விடியக்காலைல தண்ணி மேல காத்தோட சூடு மாறுறதால அலை வளையும், அதுவும் சேர்ந்துக்கும். டிஷ்ஷை இறக்கினா அந்தக் கூடுதல் வழி குறைஞ்சிடும், ரெண்டும் அழிச்சுக்காது. 36 அடியிலிருந்து 20 அடிக்கு இறக்கினோம். மறுநாள் காலைல 6 மணிக்கு மைனஸ் 53.

இறக்கும்போதுதான் கேபிளைப் பார்த்தேன். பில்லுல அவுட்டோர் கேபிள்னு இருக்கு. விரல் பட்டதும் மேல் தோல் அப்பளமா நொறுங்குது, உள்ள செம்பு பச்சை பூத்துக் கிடக்கு. கிளாம்ப்பைத் திருகினேன், துருவோட கையில வந்துடுச்சு. உப்புக்காத்துக்கு ஒரு வருஷம்கூடத் தாங்கல.

"ஏரி நிறைஞ்சா தண்ணி மட்டம் எவ்வளவு வரும்னு பார்த்துத்தான் உயரம் வச்சீங்களா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. முழிச்சா அனுப்பிடுங்க. பாதிப் பணத்தைக் கார்த்திகை வரைக்கும் கையிலேயே வச்சிருங்க.

போன வாரம் சூளூர்பேட்டை பக்கம் ஒரு இறால் பண்ணைக்கு அதே ஆள் அளவெடுக்க வந்தாராம். இப்பவும் மே மாசம்தான், ஏரி வத்திக் கிடக்கு.