கோவையில் புரை ஆபரேஷன், செக்கப் வெளிநாட்டில்: எது சரிவருகிறது, எது இடிக்கிறது

மூன்று வார லீவில் ஊருக்கு வந்து, முதல் வாரம் ஒரு கண், அடுத்த வாரம் இன்னொரு கண், மூன்றாம் வாரம் ஷார்ஜாவுக்கோ சிங்கப்பூருக்கோ திரும்பிவிடலாம் என்பதுதான் பலரும் போடும் கணக்கு. ஆபரேஷனை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் தப்பில்லை. பாக்கோ முறையில் (ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது) 2.2 முதல் 2.8 மில்லிமீட்டருக்கு ஒரு துளை, தையல் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். இடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. கண்ணின் உள்புறம் ஆறுவதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். தொந்தரவு வருவதானாலும் ஒவ்வொன்றும் அதற்கான வாரம் பார்த்துத்தான் வரும். அந்தந்த வாரம் நீங்கள் எந்த ஊரில் இருப்பீர்கள் என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுவதுதான் முறை. பெரும்பாலும் டிக்கெட்டைப் போட்டுவிட்டு ஆபரேஷன் தேதி கேட்கிறார்கள்.

முதல் 24 மணி நேரத்தில் கண் அழுத்தம் ஏறலாம். மறுநாள் காலையில் கட்டாயம் வரச்சொல்வது அதைப் பார்க்கவும்தான். இரண்டாம் நாளிலிருந்து முதல் ஒரு வாரம், பத்து நாள் வரை கண்ணுக்குள் கிருமித் தொற்றுக்குப் பயப்பட வேண்டிய காலம். வருவது அபூர்வம், வந்தால் சில மணி நேரத்திலேயே பார்வையைக் கெடுத்துவிடும். இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் சிலருக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் அழுத்தம் ஏறும். வலிக்காது, சிவக்காது, அளந்தால்தான் தெரியும். நாலிலிருந்து ஆறு வாரத்தில் விழித்திரையின் நடுவில் நீர் கோர்க்கலாம். ஆபரேஷனுக்கு அப்புறம் பளிச்சென்று தெரிந்த எழுத்து மறுபடி மங்குகிறது, நேர்கோடு நெளிந்து தெரிகிறது என்றால் அதுவாக இருக்கக்கூடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதற்கு வாய்ப்பு அதிகம். கண்ணாடி எழுதித் தருவதும் இதே காலத்தில்தான்.

ஆக, சிக்கலில்லாத பாக்கோ, சர்க்கரை கிடையாது, சாதாரண லென்ஸ் என்றால் இரண்டு வாரம் ஊரில் இருந்துவிட்டுக் கிளம்பலாம். மூன்றாவது, நாலாவது வாரத்தில் அங்கே ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருக்க வேண்டும். சர்க்கரை இருந்தாலோ, முற்றிய புரைக்கு 6, 7 மில்லிமீட்டர் வெட்டு வைத்து எடுத்திருந்தாலோ, ஆபரேஷனின்போது லென்ஸ் உட்காரும் பையின் பின்சவ்வு கிழிந்திருந்தாலோ ஆறு வாரம் ஊரை விட்டு நகராமல் இருப்பது நல்லது. சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் வைத்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. அந்த லென்ஸ் ஒரு டிகிரி திரும்பினால் அதன் பலனில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் போய்விடும். 30 டிகிரி திரும்பினால் பலனே இல்லை. திருப்பி வைப்பது முதல் சில வாரங்களுக்குள் சுலபம். சவ்வு லென்ஸை இறுக்கிப் பிடித்த பிறகு அதே வேலை கஷ்டம்.

அப்பாருவையும் ஆத்தாவையும் ஆறு மாசம் அமெரிக்காவுக்கு அழைத்துப் போகும் முன் ‘கண்ணையும் முடிச்சுட்டுப் போயிரலாமுங்க’ என்று முடிவெடுக்கும் வீடுகள் நிறைய. நல்ல யோசனைதான், ஆனால் ஆபரேஷனுக்கும் பயணத்துக்கும் நடுவில் அந்த ஆறு வாரத்தை விடுங்கள். பார்வையாளர்களுக்கான பயண இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராது. பத்து நாளைக்கு முன் நடந்த ஆபரேஷன் அந்தக் கணக்கில்தான் சேரும்.

விமானம் ஏறினால் லென்ஸ் நகர்ந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நகராது. விழித்திரைக்கும் சேர்த்து ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால் மட்டும் பறக்கவே கூடாது. உயரத்தில் வாயு விரிந்து, கண் அழுத்தம் தாங்கமுடியாத அளவுக்கு ஏறிவிடும். வாயு முழுக்கக் கரைந்ததை டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே டிக்கெட். மற்றவர்களுக்கு விமானத்தில் வரும் தொந்தரவு காற்றின் வறட்சி ஒன்றுதான். கண்ணீர்ச் சொட்டு கைப்பையில் இருந்தால் போதும். அவிநாசி ரோட்டில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது, விமான நிலையத்துக்கும் அதே ரோட்டில்தான் போகவேண்டும். அதனால் கடைசி செக்கப்பைக் கிளம்பும் நாளிலேயே வைத்துக்கொள்ளும் ஆசை வரும். வேண்டாம். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டால் நாலு முதல் ஆறு மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கலாகத் தெரியும். குடியேற்ற வரிசையில் நின்று போர்டிங் பாஸைப் படிக்கத் திணற வேண்டியிருக்கும்.

வெளிநாடு போனபின் அதிகம் குழம்புவது சொட்டு மருந்தில்தான். ஸ்டீராய்டு சொட்டை முதல் வாரம் ஒரு நாளைக்கு 6 தடவை, அப்புறம் வாரத்துக்கு ஒன்றாக 5, 4, 3, 2, 1 என்று குறைக்கச் சொல்வது இங்கே வழக்கமான அட்டவணை. கூட்டிப்பார்த்தால் ஒரு கண்ணுக்கு 147 சொட்டு. 5 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 100 சொட்டு வரும், அதில் கன்னத்தில் வழிவது போக மீதிதான் கண்ணுக்கு. திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. எப்படிப் பார்த்தாலும் ஒரு கண்ணுக்கு இரண்டு பாட்டில் வேண்டும். இரண்டாவது கண்ணுக்குத் தனி பாட்டில். ஒரு கண்ணுக்கு விடும் பாட்டிலின் முனை இன்னொரு கண்ணில் படக்கூடாது. பிரெட்னிசலோன் அசிடேட் என்றால் அடியில் வெள்ளையாகப் படியும் மருந்து. குலுக்காமல் விட்டால் முதல் வாரங்களில் வெறும் தண்ணீர் போலவும், கடைசி வாரங்களில் கெட்டியாகவும் இறங்கும். குறைக்க வேண்டிய நேரத்தில் மருந்து கூடுகிறது. இரண்டு மருந்துக்கு நடுவில் 5 நிமிஷம் விடவேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவித் தள்ளிவிடும்.

‘கண்ணு நல்லாத்தானுங்க தெரியுது, இன்னும் எதுக்குங்க மருந்து’ என்று மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. பத்து நாளில் கண் சிவந்து, வெளிச்சம் கூசி, அடங்கிக்கொண்டிருந்த அழற்சி திரும்ப வந்து நிற்கும். அதுவும் வெளிநாட்டில் இருக்கும்போதுதான் வரும். இதற்கு நேரெதிராக, குறைக்காமல் இரண்டு மூன்று மாதம் விட்டுக்கொண்டே இருப்பதும் நடக்கிறது. அதில்தான் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும்.

காந்திபுரத்து மெடிக்கலில் சீட்டை நீட்டி வாங்குவது போல அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ ஸ்டீராய்டு சொட்டு கிடைக்காது. அங்கத்திய டாக்டரின் சீட்டு வேண்டும். நம்மூர்க் கம்பெனிப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. மருந்தின் மூலப்பெயரும் சதவீதமும் சீட்டில் இருக்கட்டும்: மாக்சிஃப்ளாக்சசின் (ஆன்டிபயாட்டிக்) 0.5, பிரெட்னிசலோன் அசிடேட் (ஸ்டீராய்டு) 1, நெபஃபெனாக் (ஸ்டீராய்டு அல்லாத அழற்சி மருந்து) 0.1 என்று. ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் ஒரே பாட்டிலில் கலந்து தருவது இங்கே சகஜம். அங்கே தனித்தனியாக எழுதுவதும் உண்டு. ஆன்டிபயாட்டிக்கின் வேலை பெரும்பாலும் முதல் வாரம், இரண்டு வாரத்தோடு முடிந்துவிடும், ஆறு வாரம் இழுக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டத்துக்குப் பிறகு ஸ்டீராய்டு மட்டும் உள்ள பாட்டிலுக்கு மாற்றித் தரமுடியுமா என்று கிளம்பும் முன் கேட்டுவிடுவது உத்தமம். அங்கே டைஃப்ளுப்ரெட்னேட் என்ற மருந்தை மாற்றாகத் தந்தால், பழைய அட்டவணையை அப்படியே தொடரக்கூடாது. அதன் வீரியம் அதிகம், தடவை குறைவு, அழுத்தத்தையும் கூடுதலாக ஏற்றக்கூடியது. மருந்தின் பெயர் மாறினால் எண்ணிக்கையையும் அந்த டாக்டரிடமே எழுதி வாங்குங்கள்.

பாட்டிலை அதன் அட்டைப்பெட்டியோடும் சீட்டின் நகலோடும் கைப்பையில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் பாட்டில் கூடாது என்ற விதி 5 மில்லி பாட்டிலுக்குத் தடையில்லை.

அடுத்தது காகிதம். அங்கே உங்களைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு ஆபரேஷன் செய்தவரின் புகழ் தேவையில்லை, நாலு தகவல் போதும். முதலாவது, லென்ஸ் பெட்டியிலிருந்து கிழித்து ஒட்டும் ஸ்டிக்கர். கம்பெனி, மாடல், +21.5 போல பவர், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, ஆபரேஷனுக்கு முந்தைய அளவுகள்: கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு, எந்தக் கண்ணாடி எண்ணை இலக்கு வைத்து லென்ஸ் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. சில மெஷின்கள் இதைப் பஸ் டிக்கெட் போன்ற வழவழப்பான வெப்பத்தாளில் அடித்துத் தரும். ஒரு கோடைக்கு வண்டியின் டேஷ்போர்டில் கிடந்தால் வெள்ளைத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்து வைத்துவிட வேண்டும். மூன்றாவது, ஆபரேஷனில் என்ன நடந்தது என்பது: சவ்வு கிழிந்ததா, தையல் போட்டார்களா, எல்லாம் இயல்பாக முடிந்ததா. நாலாவது, கடைசி செக்கப்பின் பார்வை அளவு, மி.மீ. பாதரசத்தில் கண் அழுத்தம், விழித்திரையின் நிலை. அரவிந்தோ, சத்தி ரோடு சிவானந்தபுரத்திலுள்ள சங்கராவோ, நாளைக்கு ஏராளமான பேரைப் பார்க்கும் இடங்கள். அங்கெல்லாம் உங்கள் பெயரை விட மருத்துவப் பதிவு எண்தான் வேலைசெய்யும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டிக்கர் ஒட்டாமல் தந்தால் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். ஐந்து வருஷம் கழித்து இன்னொரு கண்ணுக்கு லென்ஸ் பார்க்கும்போது அந்தத் துண்டுக் காகிதம் தேவைப்படும்.

பார்வை அளவு எழுதும் முறையும் மாறும். இங்கே 6/12 என்பது அமெரிக்காவில் 20/40. 6/9 என்பது 20/30. கண்ணாடிச் சீட்டில் சிலிண்டரை நாம் பெரும்பாலும் மைனஸில் எழுதுகிறோம், அங்கே சில கண் டாக்டர்கள் ப்ளஸ்ஸில் எழுதுவார்கள். எண்கள் வேறாகத் தெரிந்தாலும் கண்ணாடி ஒன்றாகவே இருக்கலாம். பவர் மாறிவிட்டது என்று அலற வேண்டாம்.

அங்கே யாரிடம் போவது? அமெரிக்காவில் ஆபரேஷன் கட்டணத்துக்குள்ளேயே 90 நாள் செக்கப் அடங்கிவிடுவது மெடிகேர் (முதியவர்களுக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸ்) வழக்கம். அதனால் வேறொருவர் செய்த கண்ணுக்கு ‘ஆபரேஷனுக்குப் பிந்தைய செக்கப்’ என்று நேரம் கேட்டால், செய்தவரிடமே போகச்சொல்லிக் கைவிரிக்கும் வரவேற்பாளர்கள் உண்டு. ‘கண் அழுத்தமும், கண்மணி விரித்து விழித்திரையும் பார்க்கணும், இந்தத் தேதியில் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது’ என்று கேட்பது பலிக்கும். பொய்யுமில்லை, கேட்க வேண்டியதும் அதுதான். அங்கே ஆப்டோமெட்ரிஸ்ட் (ஆபரேஷன் செய்யாத, கண் பரிசோதிக்கும் நிபுணர்) இந்தப் பரிசோதனையைச் செய்யத் தகுதியானவர், செலவும் குறையும். வளைகுடாவில் தமிழும் மலையாளமும் பேசும் கண் டாக்டர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள். அங்கே தடை மொழியில் இல்லை, இன்சூரன்ஸ் அட்டையின் நிபந்தனையில்தான். ஊரில் செய்த ஆபரேஷனின் தொடர் சிகிச்சையை ஏற்குமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் பதில் வேறு: கிணறு தோண்டும் இடத்திலிருந்து கண் டாக்டர் இருக்கும் ஊர் நாள்கணக்கில் தள்ளி இருக்கலாம், பாறைத்தூளும் கூடவே பறக்கும். ஆறு வாரம் முடியாமல் ஏறவேண்டாம்.

வீடியோவில் கோவை டாக்டரைக் கேட்பது மருந்து அட்டவணைக்கும் சந்தேகத்துக்கும் சரி. அழுத்தத்தையும் விழித்திரையையும் போன் காட்டாது. வலியோடு பார்வை குறைகிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை, சீழ் வருகிறது, இமை வீங்குகிறது என்றால் வாட்ஸப்பில் படம் அனுப்பிப் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. நியூஜெர்சியில் காலை 10 மணி என்றால் கோவையில் ராத்திரி 7.30 அல்லது 8.30, பதில் வரும்வரை கண் தாங்காது. அவசரப் பிரிவுக்குப் போய், ஆபரேஷன் தேதியை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மின்னல் வெட்டுவது, திடீரென்று நிறையக் கரும்புள்ளி மிதப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போலிருப்பது இவை விழித்திரை விலகுவதன் அறிகுறிகள், இவற்றுக்கும் அன்றைக்கே. வலியில்லாமல் வெள்ளை விழியில் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு மட்டும் இருந்தால் அது தானாகக் கரைந்துவிடும்.

ஊரில் தங்கும் வாரங்களில் கட்டுத்தரையில் குனிந்து சாணி அள்ளுவதும், விறகடுப்பு முன்னால் ஊதுவதும், பனியன் கம்பெனியில் பஞ்சுத்தூசி நடுவே நிற்பதும் கூடாது. எண்ணெய்க் குளியலை டாக்டர் சொல்லும் வரை ஒத்திப்போடுங்கள்.

இரண்டு கண்ணையும் ஒரே லீவில் முடிப்பதா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பழைய கண்ணாடி எண் அதிகமாக, மைனஸ் 6, 8 என்று இருந்தவர்களுக்கு ஒரு கண்ணை மட்டும் சரிசெய்தால் இரண்டு கண்ணின் எண்ணும் பொருந்தாமல் தலை சுற்றும், உருவம் இரண்டாகும். அவர்கள் விடுமுறையை நீட்டியாவது சேர்த்து முடிப்பதே மேல். எண் குறைவாக இருப்பவர்கள் அடுத்த லீவு வரை தாராளமாகத் தள்ளலாம். முதல் கண்ணில் லென்ஸ் இலக்கிலிருந்து எவ்வளவு பிசகியது என்று தெரிந்துகொண்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் கிடைக்கும்.

சில மாதமோ சில வருஷமோ கழித்து மறுபடி புகை மூட்டமாகத் தெரிந்தால் ‘புரை திரும்ப வளர்ந்துருச்சு’ என்பார்கள். புரை வளர்வதில்லை. லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பையின் பின்சவ்வில் செல்கள் படர்ந்து மங்குகிறது. யாக் லேசரால் அந்தச் சவ்வின் நடுவில் ஜன்னல் திறப்பது சில நிமிஷ வேலை, வலி கிடையாது. அவசரமும் இல்லை என்பதால் அடுத்த லீவில் கோவையிலேயே செய்துகொள்ளலாம். லேசருக்குப் பிறகு சிறிது நேரம் இருந்து அழுத்தம் பார்த்துவிட்டு வரவேண்டும், சில நாள் பூச்சி பறப்பது போலத் தெரியும். ஒரு எச்சரிக்கை: மல்டிஃபோகல் லென்ஸ் (தூரமும் கிட்டமும் தெரியும்படி செய்தது) வைத்து, ஆரம்பத்திலிருந்தே இரவில் வளையம் வளையமாகத் தெரிந்து அவதிப்படுபவர்கள், அது லென்ஸின் குணமா, சவ்வின் மங்கலா என்று தீர்மானமாகாமல் லேசருக்குச் சம்மதிக்காதீர்கள். சவ்வைத் திறந்துவிட்டால் பிறகு லென்ஸை மாற்றுவது மிகவும் சிக்கலாகிவிடும்.