பழைய டிராயிங்கை கேட் (CAD) ஃபைலாக மாற்ற: பாளையங்கோட்டை மாடிக்கடை எப்படி?

கையால் போட்ட பழைய மிஷின் டிராயிங்குகளை, கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிற ஆட்டோகேட் சாஃப்ட்வேரில் ஏற்றித் தர ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு அம்மா இந்த வேலையைச் செய்து தருகிறார். கடைக்குப் பெயரே கிடையாது, படிக்கட்டுச் சுவரில் 'ஆட்டோகேட் டிராயிங் செய்து தரப்படும்' என்று ஒரு ஃபிளெக்ஸ் மட்டும் தொங்கும். வேலை சுத்தம். ஆனால் அவசரம் என்று போய் நின்றால் நடக்காது.

எங்களுக்குப் பேட்டையில் லேத் பட்டறை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு புல்லி, ஷாஃப்ட், பிளம்மர் பிளாக், எலிவேட்டர் சாமான் என்று அப்பா காலத்தில் இருந்து செய்து கொடுக்கிறோம். டிராயிங் பூராவும் டிரேசிங் பேப்பரும் அம்மோனியா பிரிண்டும்தான், அளவெல்லாம் இஞ்சில், மடித்தே வைத்திருந்ததில் மடிப்பு விழுந்த இடத்தில் எண்ணே அழிந்து போயிருக்கிறது. இப்போது தகடு வெட்ட லேசர் கட்டிங் கடைக்குப் போனால் முதல் கேள்வியே 'டிஎக்ஸ்எஃப் இருக்கா?' என்பதுதான், அதாவது வெட்டுகிற மிஷினுக்குக் கொடுக்கிற டிராயிங் ஃபைல்.

முதலில் ஆன்லைனில் ஒரு கம்பெனிக்கு ஸ்கேன் அனுப்பினோம், பெயர் வேண்டாம். ராத்திரியோடு ராத்திரியாக ஃபைல் வந்துவிட்டது, காசும் குறைவு, திரையில் பார்த்தால் அச்சு அசல். ஒரு வட்டத்தைத் தொட்டபோதுதான் சங்கதி தெரிந்தது, கடுகு சிந்தின மாதிரி அத்தனையும் குட்டிக் குட்டிக் கோடுகள். சென்டர் பிடிக்க முடியாது, விட்டம் கேட்டால் சொல்லாது. எழுத்தும் கோடு, அம்புக்குறியும் கோடு, தாளில் இருந்த டீக்கறையின் ஓரம்கூடக் கோடு. சாஃப்ட்வேர் கறுப்பாக இருக்கிற இடத்தைப் பின்தொடர்ந்து போகுமே ஒழிய, 6 இஞ்ச் என்று எழுதியிருப்பதைப் படித்து அந்த அளவுக்குக் கோடு போடாது. பழைய தாள் ஈரத்தில் நீண்டிருக்கும், வெயிலில் சுருங்கியிருக்கும், ஸ்கேனர் உருளையில் கொஞ்சம் இழுபட்டும் இருக்கும், அத்தனை பிசகும் அப்படியே ஃபைலுக்குள் வந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு, யாரிடம் வேலை கொடுத்தாலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் ஸ்கேனுக்கு மேலேயே கோட்டை இழுத்துவிட்டு, டைமென்ஷன் போடும்போது அது 151.3 என்று காட்டினால் அதை அழித்துவிட்டு 152.4 என்று கையால் தட்டிவிடுவார்கள். பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். லேசர் மிஷினுக்கு எண் தெரியாது, கோடு எவ்வளவோ அவ்வளவுதான் வெட்டும், தகடு போனது போனதுதான். டைமென்ஷனைக் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் 'டெக்ஸ்ட் ஓவர்ரைடு' என்கிற கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் கோடு தானாகச் சொல்கிற அளவு. அங்கே வெறும் எண் உட்கார்ந்திருந்தால் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மாடிக்கடை அம்மா ஐடிஐயில் டிராப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் படித்தவர், டிராயிங் போர்டில் பழகின கை. தாளைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை, பென்சிலை எடுத்துக்கொண்டு அளவுகளைக் கூட்டிப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார். கூட்டல் இடித்தால் போன் வரும். ஒரு ஷாஃப்டுக்கு இப்படித்தான்: "அண்ணாச்சி, மொத்த நீளம் பதினெட்டே கால்னு போட்டிருக்கு, துண்டு துண்டா கூட்டுனா பதினெட்டே அரைக்கால்தான் வருது, ஒரு நூல் இடிக்கி. எதை வைக்கட்டும்?" ஆலையில் ஓடிக்கொண்டிருக்கிற ஷாஃப்டை அளந்து சொன்ன பிறகுதான் கோடு போட்டார். ஒரு நூல் என்றால் அரைக்கால் இஞ்ச் (1/8), 3.175 மில்லிமீட்டர், பேரிங் உட்காருகிற இடத்தில் அது சின்ன விஷயமா?

இன்னொரு தாளில் புல்லி விட்டம் 12 இஞ்சும் மூணு நூலும் என்று இருந்தது. "இது சாமான் டிராயிங்கா, பேட்டர்ன் டிராயிங்கா?" என்று கேட்டார். பேட்டர்ன் என்றால் வார்ப்புக்கு மண்ணில் அச்சு எடுக்கிற மர உரு. கேட்டது சரி. வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறக்குறைய ஒரு நூல் சுருங்கும், லேத்தில் கடைய பக்கத்துக்கு ஒரு நூல் விட்டால் ரெண்டு நூல், ஆக 12 இஞ்ச் புல்லிக்கு மரப் பேட்டர்ன் அந்த அளவில்தான் இருக்கும். தாளின் மூலையில் எங்கேயும் அது எழுதியிருக்கவில்லை. இதைக் கேட்கத் தெரிந்த ஆளுக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன், கோடு போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

போல்ட் விஷயமும் அப்படியே. பழைய டிராயிங்கில் 1/2 இஞ்ச் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை) என்றால் இஞ்சுக்கு 12 மரை. அதே அரை இஞ்சில் அமெரிக்க யுஎன்சி 13 மரை, அதனால் பார்க்க ஒன்று போலவே இருக்கும் நட்டு ரெண்டு மூணு சுற்று ஏறி இறுகிவிடும். மில்லிமீட்டருக்கு மாற்றுகிறேன் என்று எம்12 என்கிற மெட்ரிக் மரையைப் போட்டுவைத்தால் ஆலைக்காரர் கையில் இருக்கிற எந்த நட்டும் சேராது. இவர் மரைக் குறிப்பைத் தொடாமல் அப்படியே வைத்தார். அளவுகளையும் இஞ்சில் வைத்து, பக்கத்தில் மில்லிமீட்டர் காட்டுகிற மாதிரி அமைத்திருக்கிறார். 1 7/16 இஞ்ச் ஷாஃப்ட் 36.51 என்று நிற்கிறது, 36 என்றோ 37 என்றோ முழுசாக்கவில்லை.

லேயர் எல்லாம் ஒழுங்காகப் பிரித்திருக்கிறார்: உருவக்கோடு, சென்டர் லைன், மறைகோடு, அளவு தனித்தனி. தகடு டிராயிங்குகளுக்கு வெட்டுகிற கோடு மட்டும் வைத்து தனி டிஎக்ஸ்எஃப், அதுவும் பழைய வெர்ஷனில், ஏனென்றால் லேசர் கடை சாஃப்ட்வேர் பலதுக்குப் புது ஃபைல் திறக்காது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிற இரட்டைக் கோடுகளை 'ஓவர்கில்' என்கிற ஆட்டோகேட் கட்டளை கொடுத்து எடுத்துவிடுகிறார். அது கிடந்தால் மிஷின் ஒரே இடத்தை ரெண்டு தடவை வெட்டும், வெட்டுக்கூலியும் ஏறும்.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதியில் தர மாட்டார், போனும் பாதி நேரம் எடுக்க மாட்டார். பல்சக்கரத்தில் பல்லை முழுசாக வரைவதில்லை, ரெண்டு மூணு பல் காட்டிவிட்டு மீதியைச் சென்டர் லைன் வட்டமாக விட்டுவிடுகிறார். லேத் கடைக்கு அது போதும், ஒயர் கட்டிங்குக்கு ஆகாது, முன்னாடியே சொல்லிவிடுங்கள். தாளின் மூலையில் பெயர், நம்பர் எழுதுகிற டைட்டில் பிளாக்கைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி எங்கள் பழைய டிராயிங் நம்பரை விட்டுவிட்டார், திருப்பிப் போட வைத்தோம். த்ரீடி செய்வதில்லை.

எங்களிடம் ஏ3 தாளுக்கு 250 ரூபாயும் ஏ1 தாளுக்கு 700 ரூபாயும் வாங்கினார், கிழிந்து எண் தெரியாத தாளுக்குக் கூடுதல். ஆன்லைன்காரன் வாங்கியதைவிட இது ரெண்டு மடங்குக்கு மேல், ஆனாலும் அங்கே கொடுத்ததுதான் தண்டம்.

போகிறவர்கள் தாளைச் சுருட்டிக் கொண்டுபோங்கள், மடிக்க வேண்டாம், லேமினேஷன் கண்டிப்பாக வேண்டாம். பழைய சாமான் கைவசம் இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு போவது நல்லது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் திட்டு விழும். வண்டியை ஜெராக்ஸ் கடை வாசலில் விடாதீர்கள், அந்த அண்ணாச்சி சத்தம் போடுவார், எதிர்ப்பக்கம் இடம் இருக்கிறது.