கீமோ நேரத்துக்கான ஜெல் குளிர்கையுறை: வாங்கலாமா?

டோசிடாக்செல், பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்துகள் ஏறும்போது நகம் கறுத்துக் கழல்வதைக் குறைக்க, உறையவைத்து மாட்டும் இந்த ஜெல் கையுறையை நம்பி வாங்கலாம். விரல் மரத்துப்போவதில் பலன் ஆளுக்கு ஆள் மாறும்.

மருந்து தொடங்க 15 நிமிடம் முன்பே மாட்டி, முடிந்து 15 நிமிடம் கழித்துக் கழற்ற வேண்டும். ஒரு மணி நேர டிரிப்புக்கு 90 நிமிடம். அதற்குள் ஜெல் இளகிவிடும், ஒரு ஜோடி போதாது. இன்னொரு ஜோடியை ஐஸ் பெட்டியில் வைத்திருந்து 45-வது நிமிடம் கூட இருப்பவர்தான் மாற்றிவிட வேண்டும், பாவம், நோயாளிக்கு இரண்டு கையும் உள்ளேதானே! அடியில் உலர்ந்த மெல்லிய பருத்தி உறை கட்டாயம். ஈரமிருந்தால் தோல் உறைந்து புண்ணாகும். எரிந்தால் உடனே கழற்றிவிடுங்கள். ரேனாட் பாதிப்பு (குளிரில் விரல் ரத்தக்குழாய் சுருங்கி விரல் வெளுத்துப்போவது) உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

மருத்துவ ஆய்வில் சேர்ந்திருந்தால் ஆய்வுக் குழுவிடம் முதலில் கேளுங்கள். விரல் மரத்துப்போவதையும் பக்கவிளைவாக அவர்கள் குறித்துக்கொள்வார்கள். கையுறை போட்டது தெரியாவிட்டால் அந்தக் கணக்கு தவறிவிடும்.