ஜன்னலைத் திறப்பதா, சாத்துவதா? வெள்ளம் வடிந்த வீட்டை உலர்த்தும் வழிகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது, வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுச் சுவர்களில் சேற்றுக்கோடு முழங்கால் உயரத்தில் இருந்தது. நான்காம் நாள் பார்த்தால் ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டி இன்னும் ஒரு முழம் மேலே ஏறியிருந்தது. பீரோவை நகர்த்திப் பின்சுவரில் உள்ளங்கையை வைத்தபோது, பிழியாத துணியைத் தொட்டதுபோல் சில்லென்றிருந்தது. தேங்கிய நீரை இறைக்க ஒரு நாள் போதும். செங்கல்லும் பூச்சும் குடித்துவைத்த நீரை வெளியேற்ற மாதங்கள் ஆகும். அதற்கு ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுவது நல்லதா, எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஏசியோ ஈரநீக்கி இயந்திரமோ ஓட்டுவது நல்லதா என்பதில் எங்கள் தெருவிலேயே இரண்டு கட்சிகள் இருந்தன. இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஈரப்பதம் இத்தனை விழுக்காடு என்று கருவி காட்டும் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் நீராவி இருக்கிறது என்பதே உலர்த்தும் வேலையில் செல்லுபடியாகும் கணக்கு. 25 டிகிரி வெப்பத்தில் காற்று அதிகபட்சம் 23 கிராம் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம் வரை தாங்கும். டிசம்பரில் வெயில் அடிக்கும் ஒரு பிற்பகலில் வெளியே 29 டிகிரி, 63 விழுக்காடு என்றால், அந்த வெப்பத்தில் தாங்கும் அளவில் 63 விழுக்காடு, அதாவது சுமார் 18 கிராம், அந்தக் காற்றில் இருக்கிறது. ஈரச் சுவர்களுக்கு நடுவே வீட்டுக்குள் 27 டிகிரி, 90 விழுக்காடு என்றால் சுமார் 23 கிராம். பத்தடி உயரமுள்ள, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏறத்தாழ 34 கன மீட்டர் காற்று இருக்கும். கன மீட்டருக்கு 5 கிராம் வித்தியாசம் என்பதால், அதை ஒரு முறை முழுதாக மாற்றினால் 170 கிராம் நீர் வெளியேறுகிறது. ஒரு மணி நேரத்தில் பத்து முறை மாற்ற முடிந்தால், சுவரின் மேற்பரப்பு சொட்டச் சொட்ட நனைந்திருக்கும் முதல் நாட்களில், அது ஒன்றரை லிட்டருக்கு மேல் வரும். இதற்கு ஆகும் செலவு ஒரு மின்விசிறியின் மின்சாரம் மட்டுமே.

அதே வீட்டில், மழை பிடித்துக்கொண்ட இரவில், வெளியே 25 டிகிரி, 95 விழுக்காடு. உள்ளே 26 டிகிரி, 90 விழுக்காடு. இரண்டையும் கிராமாக மாற்றிப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய 22தான். எவ்வளவு காற்றை மாற்றினாலும் ஒரு தேக்கரண்டி நீர்கூடக் குறையாது. பகலில் ஓரளவு உலர்ந்த அறையாக இருந்தால், திறந்த ஜன்னல் வழியே ஈரம் உள்ளேதான் வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஜன்னலை இரவும் பகலும் திறந்தே வைத்தவர்கள் வீட்டில் பூஞ்சணம் முந்திக்கொண்டதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே ஒன்று, வெளியே நிழலில் ஒன்று என இரண்டு வைத்துக்கொண்டால் எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

காற்றோட்டத்திலும் செய்யும் விதம் உண்டு. மூடிய அறையில் சீலிங் ஃபேனை ஓடவிடுவது ஈரத்தை ஒரு சுவரிலிருந்து எடுத்து இன்னொரு சுவருக்குக் கொடுப்பதுதான். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது, அதற்கு நேரெதிர்ப்புறம் காற்று நுழையும் வழி இருக்க வேண்டும். பக்கத்திலிருக்கும் கதவைத் திறந்து வைத்தால் காற்று அந்த மூலையிலேயே சுற்றிவிட்டுப் போய்விடும், ஈரமான சுவரைத் தொடவே தொடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத அறையில் ஸ்டாண்டு ஃபேனை ஜன்னலுக்குள் வெளிப்புறம் பார்த்து நிறுத்தலாம். எங்கள் வீட்டில் நான் செய்த பிழை, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே உள்ள இரண்டடிச் சந்துப் பக்கத்து ஜன்னலைக் காற்று நுழையும் வழியாக வைத்தது. சந்தில் நீர் இன்னும் தேங்கியிருந்தது. அதன் ஆவியையே மூன்று நாட்கள் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன்.

இனி சாத்திவைக்கும் கட்சி. ஈரநீக்கி இயந்திரத்தின் பலம், அது வெளிவானிலையைச் சார்ந்திருப்பதில்லை என்பதுதான். காற்றைக் குளிர்ந்த குழாய்மேல் ஓட்டி நீராவியை நீராக்கித் தொட்டியில் சேர்க்கிறது. அப்போது விடுபடும் வெப்பமும் மோட்டாரின் வெப்பமும் அறைக்கே திரும்புவதால் சுவர் சற்றுச் சூடாகி, உள்ளிருக்கும் ஈரம் விரைந்து வெளிவருகிறது. ஏசியும் நீரை எடுக்கிறது, ஆனால் வெப்பத்தை வெளியே தள்ளிவிடுகிறது. சுவர் குளிர்வதால் ஆவியாதல் மந்தப்படுகிறது, அறை நினைத்த குளிர்ச்சியை எட்டியதும் கம்ப்ரசர் நின்று நீர் எடுப்பதும் நிற்கிறது. ஏசிதான் இருக்கிறது என்றால், வெளி யூனிட் வெள்ளத்தில் மூழ்கவில்லை என்று மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகு, ‘டிரை’ நிலையில் ஓட்டலாம். குளிர்ந்த அறையின் ஜன்னலை உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் சுவரிலேயே வியர்த்து நிற்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இயந்திரம் வாங்குவோர், பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதத்தில் அளந்தது என்பதையும், அறை உலர உலர அந்த அளவு வெகுவாகக் குறையும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

அறைக்குள் கேஸ் அடுப்பை எரியவிட்டு உலர்த்துவதைச் சிலர் சொல்கிறார்கள். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. உலர்த்த வேண்டிய அறைக்கு நாமே நீர் வார்ப்பதாகும். கரி அடுப்பிலோ உயிருக்கே ஆபத்தான கார்பன் மோனாக்சைடு. இந்த இரண்டையும் தயவுசெய்து நினைத்தும் பார்க்காதீர்கள்.

என் தீர்ப்பு, எந்தக் கட்டத்தில் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நனைந்த மரத்திலும் துணியிலும் பூஞ்சணம் ஓரிரு நாளிலேயே தொடங்கிவிடும் என்பதால், முதல் பத்து நாட்களில் இரண்டையும் முறைவைத்துச் செய்ய வேண்டும்: வெயில் ஏறிய பிறகு மாலை வரை எக்ஸாஸ்ட் ஃபேன், இருட்டிய பின்னும் மழையிலும் சாத்திவைத்து இயந்திரம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் இயந்திரம் தெருவின் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கும். மேற்பரப்பு உலர்ந்த பிறகு நிலைமை மாறுகிறது. அப்போது நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மெல்ல ஊர்ந்து வர வேண்டும். எவ்வளவு வேகமாக விசிறினாலும் அதை விரட்ட முடியாது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரு பக்கமும் உலர்ந்தாலும் நான்கைந்து மாதம். அத்தனை நாளும் இயந்திரம் ஓட்டுவது வீண் செலவு. பிப்ரவரி முதல் மே வரை அடிக்கும் வெயிலும், பிற்பகலில் திறந்த ஜன்னல்களும் அந்த வேலையைச் செய்யும்.

இந்தக் காத்திருப்பில்தான் நான் தோற்றேன். பெயின்ட் ஒப்பந்தக்காரர் ஒருவர் “சுவர் காய்ந்துவிட்டது சார்” என்று சொன்னதை நம்பி ஜனவரியிலேயே பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தோம். மார்ச்சில் உப்புப் பூத்து, நகத்தால் தொட்டாலே வெள்ளைப் பொருக்காக உதிர்ந்தது. எமல்ஷன் ஆவியின் வழியை அடைத்துவிடுகிறது. அடிப்பதற்கு முன் ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டாம் முறை மே மாதக் கடைசியில் அப்படி ஒட்டிப் பார்த்தேன். மற்ற மூன்று சுவர்களில் தாள் உலர்ந்தே இருந்தது; பீரோ நின்ற சுவரில் மட்டும் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அந்தச் சுவரை இன்னும் ஆறு வாரம் பெயின்ட் அடிக்காமல் விட்டுவைத்தோம்.