பழைய விறகு அடுப்பை மாற்றச் சொன்ன ஜெர்மன் சட்டம்: மாற்றிய பிறகு எப்படி இருக்கிறது?

ஷ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு ஒரு காமினோஃபனும் சேர்ந்து வந்தது. ஹாலின் மூலையில் நிற்கும் இரும்பு விறகு அடுப்பு. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, பின்னாலிருந்து புகைபோக்கிக்குப் போகும் குழாய். வீட்டைச் சூடாக்க எரிவாயு ஹீட்டிங் தனியாக உண்டு. ஆனாலும் ஜனவரி மாத சாயங்காலத்தில் இதை மூட்டாமல் இருக்க மனசு வராது. 2022இல் எரிவாயு விலை எகிறியபோது தெருவில் பலரும் விறகை நம்பித்தான் குளிரைக் கடத்தினார்கள். விறகு விலையும் போட்டி போட்டுக்கொண்டு ஏறியது.

அந்த அடுப்புக்கு 2024 டிசம்பர் 31தான் கெடு. இப்போது அந்த இடத்தில் புது அடுப்பு இருக்கிறது. இரண்டையும் எரித்துப் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் விதி. வீடுகளில் உள்ள சிறு எரிப்புக் கருவிகளுக்கான சட்டவிதி 2010 மார்ச் 22இல் புது வடிவில் அமலுக்கு வந்தது. பழைய அடுப்புகளை ஒரே நாளில் தூக்கச் சொல்லவில்லை. வயதைப் பார்த்துத் தவணை கொடுத்தார்கள். 1974 வரை செய்தவற்றுக்கும் தேதியே தெரியாதவற்றுக்கும் 2014 கடைசி வரை, 1984 வரையிலானவற்றுக்கு 2017, 1994 வரையிலானவற்றுக்கு 2020. 1995 முதல் 2010 மார்ச் 21 வரையிலானவைதான் கடைசிக் கூட்டம், எங்களுடையதும் அதில் சேர்த்தி. கெடுவுக்குப் பிறகும் எரிக்க வேண்டுமானால் ஒரு கன மீட்டர் புகைவாயுவில் கார்பன் மோனாக்சைடு 4 கிராமையும் தூசி 0.15 கிராமையும் தாண்டக் கூடாது. 2015 முதல் புதிதாக நிறுவும் அடுப்புகளுக்கு இதுவே 1.25 கிராம், 0.04 கிராம்.

இதையெல்லாம் சரிபார்ப்பவர் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்து சோதிக்கும் புகைபோக்கிக்காரர், ஜெர்மனில் ஷோர்ன்ஷ்டைன்ஃபேகர். கறுப்பு உடையில் அவர் எதிரே வந்தால் ஜெர்மானியர்களுக்கு நல்ல சகுனம். எங்களுக்கு வந்தது கடுதாசிதான். ஒவ்வொரு பகுதிக்கும் அதிகாரம் பெற்ற ஒருவர் இருப்பார். ஏழு வருஷத்துக்கு இரண்டு முறை வீட்டுக்குள் வந்து அடுப்பு, குழாய் எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொள்வார். எங்கள் அடுப்பின் முதுகுப்புறம் டார்ச் அடித்து, ஒட்டியிருந்த கரியைக் கட்டைவிரலால் துடைத்துத் தகட்டைப் படித்தார்: 1998. அந்த மாடலின் சோதனைத்தாளில் கார்பன் மோனாக்சைடு அளவு இருந்தது, அதில் தேறிவிட்டது. தூசிக்கான கட்டம் காலி.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். தாளில் எண் இல்லை என்றால் அடுப்பு தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. தயாரிப்பாளரிடம் சான்று கேட்கலாம், ஹெச்கேஐ என்ற தயாரிப்பாளர் சங்கத்தின் இணையப் பட்டியலில் மாடலைத் தேடலாம். அதிலும் இல்லையென்றால் வீட்டிலேயே அளக்கச் சொல்லலாம். செலவு சில நூறு யூரோ. புகைபோக்கியில் தூசி வடிகட்டி பொருத்துவதும் ஒரு வழி, ஆனால் அது ஆயிரத்தைத் தாண்டும். கதவுப் பட்டை நைந்து, உள்தகடும் வளைந்துபோன அடுப்புக்கு அளவைச் செலவு செய்ய எனக்கு மனமில்லை. உங்கள் அடுப்பு நல்ல நிலையில் இருந்தால் அளந்து பார்ப்பதே என் யோசனை. நான் முதலில் போன கடையில் 50,000 யூரோ அபராதம் என்று பயமுறுத்தினார்கள். அது சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு. அடுத்த நாளே வீட்டுக்கு வரும் பில் இல்லை.

விலக்குகளும் உண்டு: வீட்டுக்கு வேறு ஹீட்டிங்கே இல்லாதவர்கள், 1950க்கு முந்தைய அடுப்பு வைத்திருப்பவர்கள், வீட்டுச் சமையல் அடுப்புகள், திறந்த கணப்புகள். கதவே இல்லாமல் புகையும் திறந்த கணப்புக்கு விலக்கு, கதவு வைத்த என் அடுப்புக்குக் கெடு! திறந்த கணப்பை எப்போதாவதுதான் மூட்டலாம் என்று நிபந்தனை இருக்கிறது. அந்த எப்போதாவதை யார் எண்ணப் போகிறார்கள்?

சரி, புது அடுப்புக்கு வருவோம். நல்ல விஷயம், கண்ணாடி. பழையதில் ஒரு இரவுக்குள் கறுத்துவிடும். ஈரமான செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால்தான் போகும். புதியதில் மேலிருந்து காற்று கண்ணாடியை ஒட்டியபடி இறங்குவதால் வாரக் கணக்கில் தெளிவாக இருக்கிறது. விறகும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைவாகப் பிடிக்கிறது. பிடிக்காதது, வயிறு சின்னது. 33 சென்டிமீட்டர் கட்டைகள் நுழையாததால் அடுக்கி வைத்திருந்ததை எல்லாம் திரும்ப அறுக்க வேண்டியிருந்தது. உள்ளே பதித்திருக்கும், வெப்பம் தாங்கும் வெர்மிகுலைட் என்ற கனிமப் பலகை மென்மையானது, கட்டையைத் தூக்கிப் போட்டால் விரிசல் விடும். பழையதில் ராத்திரி காற்றை அடைத்துவிட்டால் காலை வரை கனன்றுகொண்டிருக்கும். புதியதில் அந்த வேலை நடக்காது, அதுதான் நியாயமும்கூட. காற்றில்லாமல் கனலும்போதுதான் புகை மோசம்.

ஆனால் புகையைக் குறைத்ததில் பாதிப் பங்கு அடுப்புக்கு இல்லை, விறகுக்குத்தான் என்பது என் முடிவு. உலர்ந்த மரத்தின் எடையைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஈரம் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது அதே விதி. இருபது முப்பது யூரோவுக்கு ஈரமானி கிடைக்கிறது. கட்டையின் மேல்புறத்தில் குத்திப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. பிளந்து, உள்முகத்தில் குத்த வேண்டும். ‘காய்ந்தது’ என்று சொல்லி ஒரு வியாபாரி இறக்கிய பீச் (beech) மர விறகு வெளியே வெடித்து நன்றாகத்தான் தெரிந்தது. உள்ளே 30க்கு மேல் காட்டியது. அடுத்த குளிர்காலத்துக்கென்று கொட்டகையில் அடுக்கிவிட்டேன்.

மூட்டும் முறையும் மாறியது. ஊரில் அடியில் சுள்ளி, மேலே கட்டை என்று பழகிய கை. இங்கே தலைகீழ்: பெரிய கட்டை அடியில், மேலே சுள்ளி, உச்சியில் மெழுகில் தோய்த்த மரச்சுருள். தீ மேலிருந்து கீழே இறங்கும், எழும் வாயு தீயைத் தாண்டித்தான் போக வேண்டியிருப்பதால் எரிந்துவிடுகிறது. பழைய அடுப்பின் கடைசி மாதங்களில் இப்படி மூட்டியபோதே பக்கத்து வீட்டம்மா ஜன்னல் சாத்துவதை நிறுத்திவிட்டார்.

நம்மவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அறைக் காற்றை எடுத்து எரியும் அடுப்பும் சமையலறைப் புகை உறிஞ்சியும் ஒரே நேரத்தில் ஓடினால், உறிஞ்சி அடுப்பின் புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும். கார்பன் மோனாக்சைடு விஷயம், விளையாட்டில்லை. அதனால் ஜன்னலில் ஒரு சுவிட்ச் பொருத்தச் சொன்னார்கள். ஜன்னல் திறந்தால்தான் உறிஞ்சிக்கு மின்சாரம். மைனஸ் ஐந்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கடுகு தாளிக்கிறோம்.

முடிந்தவரை விறகே எரிக்காதீர்கள் என்பது ஜெர்மன் மத்திய சுற்றுச்சூழல் முகமையின் நிலை. நுண்துகள் பிரச்சினைக்குப் பேர்போன ஷ்டுட்கார்ட்டில் அதை மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. வேறு ஹீட்டிங் இருப்பவர் புதிதாக அடுப்பு வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். ஏற்கெனவே இருப்பதை மாற்றுகிறவர் கடைக்குப் போவதற்கு முன்னால் புகைபோக்கிக்காரரைக் கூப்பிடுங்கள். குழாயின் விட்டம், காற்றிழுப்பு எல்லாம் புது அடுப்புக்குப் பொருந்துமா என்று அவர் சொல்ல வேண்டும். பணத்தைக் கட்டி இறக்கிவிட்டாலும், அவர் வந்து பார்த்து எழுதித் தரும்வரை தீக்குச்சி உரசக் கூடாது.