பழைய ஜென்னுக்குப் புது வயரிங்கா, இருப்பதையே சரிபார்ப்பதா?

என்னுடைய மாருதி ஜென் கார் 2001 மாடல், எம்பிஎஃப்ஐ; அதாவது கார்புரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை. வாங்கிய வாரமே அதன் குணம் தெரிந்துவிட்டது. காலையில் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். பத்து கிலோமீட்டர் ஓடி இன்ஜின் சூடானதும் பெட்ரோல் வாடை அடிக்கும், சைலன்சரில் கறுப்புப் புகை வரும், சிக்னலில் நின்றால் வண்டி குலுங்கும். செக் இன்ஜின் லைட் மட்டும் எரியவே எரியாது. லைட் எரியாததால் வயரிங்கில் கோளாறு இருக்காது என்று நினைத்து, பிளக், ஏர் ஃபில்டர், கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் என்று வரிசையாக மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம்.

வேலூரில் நான் வழக்கமாகப் போகும் எலக்ட்ரீஷியன் பாய் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலி வேற கடிச்சு வெச்சிருக்கு சார். மொத்தத்தையும் புடுங்கிப் போட்டுட்டுப் புதுசா இழுத்துடலாம், ரெண்டு நாள் வேலை" என்றார். நண்பன், "புதுப்பேட்டையில ஒரு ஃபுல் கிட்டையே தூக்கிட்டு வந்துடலாம்டா" என்றான். சென்னையில் பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் இடம் அது; கிட் என்றால் கப்ளர்களோடு சேர்ந்த மொத்த வயரிங் கட்டு. எம்பிஎஃப்ஐயையே கழற்றிவிட்டு கார்புரேட்டர் போட்டுவிடலாம் என்று இன்னொருவர் சொன்னதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்போது அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? கடைசியில் இருந்த வயரிங்கையே பிரித்து, கெட்ட இடங்களை மட்டும் சரிசெய்தேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோளாறு என்ன என்று பார்த்துவிடுவோம். எந்த வழியில் போவது என்பதே அதை வைத்துத்தான் முடிவானது.

கூலண்ட் சென்சார் ஒரு எளிய பொருள். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். சுசூகி இன்ஜின்களில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,400 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு சென்சார் காலிலேயே மீட்டரை வைத்தேன்: 310. சென்சாரில் குறை ஒன்றும் இல்லை. கப்ளரை, அதாவது வயர் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் சொருகியை, திரும்பச் சொருகிவிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே இசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கப்ளரைக் கழற்றி, அதே இரண்டு வயர்களை அந்த முனையில் அளந்தேன்: 820. அதாவது நடுவில் எங்கோ 500 ஓம் உட்கார்ந்திருக்கிறது. 820 ஓம் என்றால் இசிஎம்முக்கு இன்ஜின் 50 டிகிரியில் இருப்பதாக அர்த்தம். 'பாவம், இன்னும் சூடாகவில்லை' என்று அது பெட்ரோலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. வயர் அறுந்திருந்தால் லைட் எரிந்திருக்கும். 50 டிகிரி என்பது நடக்கக்கூடிய சூடுதானே, அதனால் இசிஎம்முக்குச் சந்தேகமே வரவில்லை.

சென்சார் கப்ளரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி டேப்பைப் பிரித்தேன். யாரோ எப்போதோ வயரை முறுக்கிச் சுற்றிய ஜாயின்ட். பிவிசி டேப் சூட்டில் உருகிப் பிசினாக ஒழுகியிருந்தது. உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, விரலால் நிமிண்டினால் பொடியாக உதிர்ந்தது. இன்டேக் மேனிஃபோல்டில் எர்த் போல்ட்டுக்குக் கீழேயும் இதே கதை.

வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க மீட்டரை வைக்கும்போது, அது அடிக்கும் பீப் சத்தத்தை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். பத்து இழையில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். எர்த்தைச் சோதிக்க இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டுவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் வோல்ட் பார்க்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. எனக்கு 0.4 காட்டியது. எர்த்தைத் தேய்த்து முறுக்கியதும் 0.05க்கு இறங்கிவிட்டது.

சரி, இப்போது மற்ற வழிகளுக்கு வருவோம். புதுப்பேட்டைக்கு ஒரு நடை போனேன். பழைய வண்டியிலிருந்து உருவிய கிட் கிடைக்கும்தான். ஆனால் வண்டியைப் பிரிக்கும் அவசரத்தில் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகடு) பக்கம் வெட்டி எடுத்தவையே அதிகம். மாடல் வருடம், பவர் ஸ்டீயரிங் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்துக் கப்ளர்களும் மாறும். அதைவிட, அதுவும் என் வயரிங் போலவே இருபது வருடம் வெந்த வயர்தானே. ஆனால் கப்ளர் வாங்கப் புதுப்பேட்டையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் காது உடையாத கப்ளர்களாகப் பொறுக்கி, அரையடி வயரோடு வெட்டித் தரச் சொல்லி வாங்கினேன். நான்கும் சேர்ந்து ஒரு முழு சாப்பாட்டுச் செலவுதான்.

புதிதாக இழுப்பதில் நிஜமான நன்மை ஒன்று உண்டு: செம்பு புதுசு. எலி ஒரே இடத்தில் கடிக்காமல் கிட் முழுவதையும் குதறியிருந்தால், அல்லது தீப்பிடித்திருந்தால், நானும் அதைத்தான் செய்வேன். நல்ல கைகாரர் இழுத்தால் வருடக்கணக்கில் உழைக்கும் என்கிறார்கள். நான் அப்படி ஒரு வண்டியை வைத்து ஓட்டியதில்லை, பிறர் வண்டிகளில் பார்த்ததோடு சரி. சில சென்சார்களின் வயருக்கு மேலே கம்பி வலை ஒன்று இருக்கும், பிளக் வயரின் மின் இரைச்சல் உள்ளே புகாமல் தடுக்க. கடையில் இழுக்கும்போது அதை விட்டுவிடுகிறார்கள். இன்ஜின் விட்டுவிட்டு ஓடி மிஸ்ஸிங் அடித்த பிறகுதான் தேடுகிறார்கள்.

ஆனால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். என்னை முடிவெடுக்க வைத்தது வயரின் நிறம்.

கம்பெனி வயரிங்கில் ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறம், அதன்மேல் மெல்லிய கோடாக இன்னொரு நிறம். பானட்டுக்குள் பார்த்த அதே ஜோடி நிறம் இசிஎம் கப்ளரிலும் இருக்கும், சர்க்யூட் படத்திலும் இருக்கும். மேலே சொன்ன 820 ஓமை நான் பத்து நிமிடத்தில் பிடித்தது அதனால்தான். பாய் இழுத்த வேறொரு வண்டியைப் பார்த்தேன்: சிவப்பு, கறுப்பு, கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். எது எங்கே போகிறது என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. வண்டி வேலூரில் நின்றால் சரி. வேறு ஊரில் நின்றால்?

நின்றது. சரிசெய்து எட்டு மாதம் கழித்து, குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போகும் வழியில், வாணியம்பாடி தாண்டி வண்டி படக்கென்று அணைந்தது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. சாவியைப் போட்டால் பின்னாலிருந்து வரும் பெட்ரோல் பம்ப்பின் உர்ர் சத்தம் இல்லை. தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்த்த கடையில் முன்பின் தெரியாத ஒரு பையன். என் போனிலிருந்த சர்க்யூட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ரிலேவில் பம்ப் வயரின் நிறத்தைக் கண்டுபிடித்து, சாவியைப் போடச் சொல்லி டெஸ்ட் பண்ணினான்: கரண்ட் வருகிறது. பின் சீட்டைத் தூக்கினான். "இங்க வரல சார்." அதே நிறத்தைப் பிடித்துக்கொண்டே வந்து, நடுவில் ஒரு கப்ளரைக் கழற்றினான். உள்ளே ஒரு உலோக முள் பின்னுக்குத் தள்ளிப்போயிருந்தது. இருபது நிமிடம், இருநூறு ரூபாய். இந்தக் கணக்குதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பழையதையே சரிசெய்வதென்றால் இரண்டு விஷயத்தில் சோம்பல் படக்கூடாது. ஜாயின்ட்டை நல்ல கிரிம்ப்பிங் பிளையரால் நசுக்குங்கள். சால்டர் பண்ணினால் ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடம் விறைத்து, இன்ஜின் அதிர்வில் ஓரத்தில் முறியும். வயரை ஒட்டுப்போடுவதானால் அதே நிறத்தில் போடுங்கள். அதே நிறம் கிடைக்காமல் நானே ஓரிடத்தில் வெள்ளை வயர் போட்டு, இரண்டு முனையிலும் மார்க்கரால் எழுதி ஸ்லீவ் ஏற்றியிருக்கிறேன்.

பின் சீட்டுக்கு அடியில் அந்தப் பையன் அழுத்திவிட்ட முள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. புதுப்பேட்டையில் வாங்கிய நான்கில் ஒரு கப்ளர் மிச்சம் இருக்கிறது, அது பொருந்துமா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்க்க வேண்டும்.