ரக்மனினோவ் தானே வாசித்த பத்து இறுவட்டுகள்: வாங்கலாமா?

ரஷ்ய இசையமைப்பாளரும் பியானோக் கலைஞருமான செர்கேய் ரக்மனினோவ் 1919 முதல் 1942 வரை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தவற்றைத் திரட்டி ஆர்சிஏ விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1992இல் வெளியிட்ட தொகுப்பு இது. கிளிநொச்சியில் இதைத் தேடிப் பயனில்லை. கனடாவில் இருக்கிற சித்தப்பா ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் கண்டெடுத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் பழையது. 1919 பதிவுகள் மைக் வருவதற்கு முந்தியவை, ஒரு புனலுக்கு முன்னால் வாசித்துப் பதிந்தவை, அதனால் பியானோவின் கீழ்ச் சுரங்கள் மெலிந்துதான் கேட்கும், இரைச்சலும் உண்டு. போன் ஸ்பீக்கரில் போட்டால் ஒன்றுமே விளங்காது, நல்ல ஹெட்செட் கட்டாயம் வேண்டும். பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்க அவர் எழுதிய மூன்றாவது கொன்செர்ட்டோவில் சில பகுதிகளை அவரே வெட்டி வாசித்திருக்கிறார், முழுதாகக் கேட்க விரும்புகிறவர்கள் வேறு பதிவும் வைத்திருக்க வேண்டும்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், இவருடைய இசை வெறும் அழுகை என்று நினைப்பவர்கள் 1929இல் பிலடெல்பியா இசைக்குழுவோடு அவர் வாசித்த இரண்டாவது கொன்செர்ட்டோவை ஒரு தரம் கேட்க வேண்டும். இன்றைக்குப் பலர் இழுத்து இழுத்து உருகுகிற இடங்களை அவர் நிற்காமல் கடந்து போகிறார், ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழுகிறது, சோகம் அதற்குள்ளேயே இருக்கிறது. 1897இல், முழு இசைக்குழுவுக்காக அவர் எழுதிய முதல் சிம்பொனி படுதோல்வியடைந்து, மூன்று வருடம் போல் பெரிதாக எதுவும் எழுத முடியாமல் கிடந்து, டால் என்ற மருத்துவரின் சிகிச்சையால் மீண்டு எழுதிய கொன்செர்ட்டோ இது. அந்த மருத்துவருக்கே அதைக் காணிக்கையாக்கினார்.

இந்தப் பத்துத் தட்டும் எப்படி உண்டாயின என்பதை வன்னியில் இருக்கிற நாங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். 1917 டிசம்பரில், புரட்சி நடந்த கையோடு, மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரஷ்யாவை விட்டுப் புறப்பட்டவர், திரும்பிப் போகவேயில்லை. அப்போது வயது 44. வீடும் காணியும் போய்விட்டன, இசை எழுதிச் சாப்பிட முடியாது, ஆகவே மேடைப் பியானோக்காரராக உழைக்கத் தொடங்கினார், மற்றவர்களின் படைப்புகளையும் நிறையப் பாடமாக்கி ஊர் ஊராக வாசித்தார். ஊரில் இருக்கும்வரை ஓபஸ் என்று படைப்புகளுக்குப் போடும் வரிசை இலக்கத்தில் 39 வரை எழுதியவர், அதன்பிறகு உயிரோடிருந்த 25 வருடத்தில் எழுதியது ஆறே ஆறு. இடம்பெயர்ந்து போய், தெரிந்த தொழிலை விட்டு வேறொன்றைப் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் எங்கள் ஒழுங்கைக்கு ஒருவராவது உண்டு. அவர்களை நினைக்காமல் என்னால் இதைக் கேட்க முடிவதில்லை.

தொகுப்பின் உச்சம் என்று நான் சொல்வது அவர் எழுதியதே அல்ல, 1930இல் பதிந்த, போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் இரண்டாவது சொனாட்டா, பல பகுதிகள் கொண்ட தனிப் பியானோப் படைப்பு. அதில் வரும் சாவு ஊர்வல இசையை மெதுவாகத் தொடங்கிப் பெருக்கிக்கொண்டு போகிறார், நடுவில் அமைதியான பகுதி, அது முடிந்ததும் அதே ஊர்வலம் முழுப் பலத்தோடு திரும்பி வந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து தூரப் போகிறது. ஷோபான் எழுதிய ஒலி அளவு அப்படி இல்லை என்று குறை சொல்வார்கள், சொல்லட்டும், எனக்கு இதுதான் சரி. 1943 பெப்ரவரி 17 அன்று டென்னசி மாநிலத்து நொக்ஸ்வில்லில் அவர் வாசித்த கடைசிக் கச்சேரியிலும் இந்தச் சொனாட்டா இருந்தது. மார்ச் 28 அன்று இறந்துபோனார்.

வயலின் மேதை கிரைஸ்லரோடு 1928இல் வாசித்த வயலின்-பியானோ சொனாட்டாக்களும் உண்டு, நல்லவைதான்.

புதிதாகக் கேட்பவர்கள், வயலின்காரர் பாகனீனியின் மெட்டொன்றை வைத்துப் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக ரக்மனினோவ் எழுதிய பாகனீனி ராப்சோடியில் தொடங்குங்கள். 1934 நவம்பரில் முதன்முதலாக மேடையேறி, டிசம்பரிலேயே பதிவானது, சத்தமும் ஓரளவு தெளிவு. பாடசாலையில் மேலைத்தேய சங்கீதம் படிக்கிற பிள்ளைகள் எங்கள் பக்கம் கீபோர்டோடு நின்றுவிடுகிறார்கள், அவர்களுக்குக் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள். கிளிநொச்சி, பரந்தன் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், தட்டை இரவல் தருகிறேன், சிடி டிரைவ் இல்லாதவர்கள் அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகலாம்.